கறுப்பனும் மேசைக்கடியில் ஒரு சாதுவும்

தம்பி கப்பல் வேலைக்குக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. தூறிக்கொண்டிருந்தது. வண்டியை வாசலில் நிற்கவைத்துவிட்டு, அக்காவின் தையல்கடைக்குள் ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினான். உள்ளே இரண்டு நாய்க்குட்டிகள்.

“ஒரே வயித்துல பொறந்ததுங்கக்கா. ரெண்டும் தங்கம்.”

“தங்கத்தை ஏன்டா என் தலையில கட்டுற?”

அவன் சிரித்தான். பதில் சொல்லாமல் சிரித்தால் எதையோ மறைக்கிறான் என்பது தையல்காரிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

கறுப்புக்குட்டிக்குக் கறுப்பன் என்று பெயர் வைத்தாள். அவன் அவள் விரலைக் கடித்தான், குதிகாலைக் கடித்தான். விரலைக் காப்பாற்றிக்கொள்ள அவள் ஒரு துணிக்கீற்றை ஆட்டிக் காட்டினாள். அவன் கவ்வி இழுத்தான். அவளும் சிரித்துக்கொண்டே இழுத்தாள். அன்றோடு கடையில் தொங்குவதெல்லாம் அவன் சொத்தாகிவிட்டது: அவள் கழுத்து அளவுநாடா, மாட்டிவைத்த பாவாடை, வந்தவர்களின் கால்சட்டை நுனி. பழுப்புக்குட்டியோ மேசைக்கடியில் வாய் திறக்காமல் கிடந்தது. அதற்குச் சாது என்றே பெயர் விழுந்தது.

எதிர் ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “கறுப்பனை எனக்குக் குடுத்துடும்மா. அவன் கடிக்கிறது வெளையாட்டு. சத்தமே போடாம ஒண்ணு இருக்கே, அதைப் பாத்துக்க.”

கடிக்கிற நாயை யாராவது ஆசைப்பட்டுக் கேட்பார்களா? இவருக்கும் தம்பிக்கும் ஏதோ பேச்சு நடந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. ஆனால் கிழிந்த துணியோடு வாடிக்கையும் கிழிந்துகொண்டிருந்தது. ஞாயிறன்று கொடுப்பதாகச் சொன்னாள்.

ஞாயிறு வந்தது. கறுப்பனின் கயிற்றை எடுக்க மேசைக்கடியில் கைவிட்டாள். தூங்கிக்கொண்டிருந்த சாதுவின் முதுகில் கை பட்டது. ஒரே கடி. கறுப்பன் எத்தனையோ தடவை கடித்தும் வராத ரத்தம் வந்தது.

“நான் சொன்னேனா இல்லையா?” என்றார், கறுப்பனை வாங்க வந்திருந்த ரொட்டிக்கடைக்காரர்.

“அப்ப இதைக் கூட்டிட்டுப் போங்களேன்.”

“அடுப்புல ரொட்டி கருகுதும்மா” என்று அவர் நழுவினார்.

சாது சுவரோடு ஒட்டி நடுங்கியது. கடித்தது பயத்தில். கறுப்பனுக்கோ இழுத்து விளையாடக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று அவளுக்கு உறைத்தது. யாரையும் அனுப்பவில்லை. நாடா இழுப்பறைக்குள் போனது. கறுப்பன் பல் பட்டால் கையை உதறாமல் எழுந்து முதுகைக் காட்டினாள். அவன் கடித்து மெல்ல ஒரு ரப்பர் துண்டு கொடுத்தாள். சாதுவை அவள் தொடவில்லை, அதுவாக வரட்டும் என்று விட்டாள்.

மாதங்கள் கழித்துத் தம்பியின் செய்தி வந்தபோது சாது அவள் பாதத்தில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, சொல்ல மறந்துட்டேன். பழுப்பைத் தூங்குறப்ப தொடாதே, பயந்து கடிச்சிடும். கறுப்பன் பால்பல்லு விழுந்தா சரியாயிடுவான். ரொட்டிக்கடை அண்ணன்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டுத்தான் வந்தேன்.”