பிள்ளைக்காம்பராவின் மின்னஞ்சல்

எட்டு வருடங்கள் இருக்கும். படிப்பை முடித்துவிட்டு ஹட்டனில் ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நடந்தது இதுதான்:

1. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஒரு மடிகணினி எங்கள் கடைக்கு வந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா.

2. கணினி திறக்கவே இல்லை. உள்ளே இருந்தவற்றைப் பேக்கப் எடுத்துக்கொண்டு, இயங்குதளத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

3. பிள்ளைகளின் எடை, உயரம் பதிந்த அட்டவணைகள், படங்கள், பாட்டுகள் எல்லாவற்றையும் திரும்ப அதனதன் இடத்தில் வைத்துக் கொடுத்தேன். கணினி நன்றாக ஓடியது.

4. அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தை மத்தியானத்தில் தூங்குவதை நிறுத்திவிட்டது.

நான்காவது விஷயம் எனக்குத் தெரியவந்தது ஒரு சனிக்கிழமை பிற்பகலில். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் மடிகணினியை ஓர் உரப்பையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். தலை முழுக்க நனைந்திருந்தது. உரப்பையைப் பிரித்தால் கணினியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"தங்கச்சி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மெயிலத்தான் காணோம்."

"எந்த மெயில் அக்கா?"

"எங்களுக்கு வர்ற மெயில். அந்தச் சின்னப் புள்ளையோட அம்மா அனுப்புறது."

அப்புறம்தான் உட்கார்ந்து முழுக்கச் சொன்னார். மூன்று வயதுப் பெண் குழந்தை. அதன் அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தார். அந்த வீட்டில் அவர் சொந்தமாகக் கைப்பேசி வைத்துக்கொள்ள விடவில்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண் பிள்ளைக்கு இவர்மேல் பிரியம். தன் கணினியில் இவரைப் பேசவைத்துப் பதிவு செய்து, பிள்ளைக்காம்பராவின் மின்னஞ்சலுக்கு அனுப்பி வந்தாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு டீச்சர் அதைப் போட்டுவிடுவார். அந்தக் குரலைக் கேட்டால்தான் குழந்தை கண்ணை மூடும்.

"அப்ப இன்னொரு தடவ அனுப்பச் சொல்லலாமே அக்கா?"

"எங்க அனுப்புறது? அந்த வீட்டுப் புள்ள படிக்க வெளிநாடு போயிருச்சாம். அம்மாக்காரியையும் வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க. மாசத்துக்கு ஒரு தடவ போன் வரும். அதுவும் ரெண்டு வார்த்த. இருந்ததெல்லாம் இதுக்குள்ள இருந்ததுதான்."

"பிள்ளையோட அப்பா?"

"பேக்டரியில வேல. நேத்து வந்து அவரே பாடித் தூங்க வைக்கப் பாத்தாரு. தூங்கிக்கிட்டு இருந்த மத்த புள்ளைகளும் எந்திரிச்சிருச்சுங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

கடை முதலாளியை ஹட்டனில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "பேக்கப் எடுத்தீங்கதானே புள்ள?" என்றார். எடுத்திருந்தேன். கடையின் வன்தட்டில் அது பத்திரமாக இருந்தது.

மின்னஞ்சல் எப்படிக் காணாமல் போனது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. தோட்டத்தில் இணைய வசதி மோசம். டொங்கிளை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் சிக்னல் வரும். அதனால் யாரோ யோசித்து, மடல்களை ஒரேயடியாகக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் ஒரு மென்பொருளை அதில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இறக்கியதும் இணையத்தில் இருக்கும் பிரதி அழிந்துவிடும்படி அமைத்திருந்தார்கள். ஆக, மடல்கள் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தன. அந்த மடிகணினியில், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோப்புறைக்குள்.

அந்தக் கோப்புறை பேக்கப்பில் இருந்தது. மென்பொருளை மறுபடி நிறுவி, கோப்புறையைப் பிரதியெடுத்து உரிய இடத்தில் வைத்துத் திறந்தேன். மடல்கள் வரிசையாக வந்து நின்றன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"வந்துருச்சு அக்கா, பாருங்க."

டீச்சர் திரையருகே குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சத்துமா வரும் தேதி, தடுப்பூசி அறிவித்தல், பயிற்சி வகுப்பு அழைப்பு. கீழே வரைக்கும் போய் மறுபடி மேலே வந்தார்.

"இதெல்லாம் ஆபீஸ் மெயில். நான் கேக்குறது இங்க இல்ல தங்கச்சி. குப்பைத் தொட்டியில இருக்கும்."

"எங்க?"

"குப்பைத் தொட்டி. அதுக்குள்ளதான் போட்டு வச்சிருந்தேன்."

எங்கள் கடையில் பேக்கப் எடுக்கும்போது சில பகுதிகளை விட்டுவிடுவோம். தற்காலிகக் கோப்புகள், அழித்தவை, குப்பைத் தொட்டிகள். எந்தக் கடையிலும் அப்படித்தான். மின்னஞ்சலின் குப்பைத் தொட்டியும் அதில் போயிருந்தது. மடிகணினியின் வன்தட்டையோ நான் முழுதாக அழித்து, அதன் மேல் புதிய இயங்குதளத்தை எழுதியிருந்தேன்.

நானாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டார். "என்ன டீச்சர், தங்கத்தக் கொண்டுபோய்க் குப்பையில வச்சிட்டு எங்களத் தேடச் சொல்றீங்களே!"

டீச்சர் அசரவில்லை. "வேற எங்க வைக்கிறது மொதலாளி? இந்த லேப்டாப் புள்ளைகளோட எடைய எழுதக் குடுத்தது. ஆபீஸ் ஐயா வந்து தொறந்து பாப்பாரு, ஆபீஸ் மெயில் தவிர வேற எதுவும் இருக்கக் கூடாதும்பாரு. எங்க தோட்டத்துல ஐயாமாரு பாக்காத எடம் ஏதாச்சும் இருக்கா? கூடையப் பாப்பாங்க, லயத்துக் காம்பராவப் பாப்பாங்க. குப்பைய மட்டுந்தான் யாரும் கிளற மாட்டாங்க."

நானா மூன்று பேருக்கும் பிளேன் டீ சொல்லியனுப்பினார்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்புவது என்று வார்த்தை தேடினேன் என்பதுதான் உண்மை. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. உள்பெட்டியில் தெரிந்தவை சின்னச் சின்ன அலுவலக மடல்கள்தான். ஆனால் அந்த உள்பெட்டியின் கோப்பு, அவ்வளவு மடல்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த மென்பொருளில் உள்பெட்டி என்பது ஒரே நீளமான கோப்பு. ஒரு மடலைக் குப்பைத் தொட்டிக்கு நகர்த்தினால், அதன் பிரதி ஒன்று அங்கே போகும். உள்பெட்டியில் இருந்த மூல மடல் உடனே அழியாது. அதன் தலையில் இருக்கும் ஒரு சிறிய எண் மட்டும் மாறும். அந்த எண்ணைப் பார்த்து மென்பொருள் அதை நமக்குக் காட்டாமல் விட்டுவிடும். மறைத்து வைத்தவை சேர்ந்து இடத்தை அடைக்கும்போது, 'சுருக்கி இடத்தை மிச்சப்படுத்தவா?' என்று மென்பொருள் கேட்கும். ஆமாம் என்று ஒரு தடவை அழுத்தினால் போதும். அதுவரை மறைந்திருந்தவை அந்த நொடியில் உண்மையாகவே அழிந்துபோகும்.

நான் கோப்புறையை மூடுவதற்குள் அந்தக் கேள்வியே திரையில் வந்து நின்றது. நான் பிரதியில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆனாலும் எதையும் அழுத்தாமல் கையை எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, இந்தக் கேள்வி இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"ஓ, அடிக்கடி வருமே."

"வந்தா எதை அழுத்துவீங்க?"

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்ற பயம் அவர் கண்ணில் வந்தது.

"வேணாம்னுதான் அமத்துவேன். இங்கிலீசுல என்னமோ கேக்குது, எனக்கு வெளங்கல. வெளங்காததுக்குச் சரின்னு சொல்லாதீங்க, கையெழுத்து வைக்காதீங்கன்னு சங்கத்துல எத்தன தடவ சொல்லியிருக்காங்க. அதான் எது கேட்டாலும் வேணாம்தான். ஏன் தங்கச்சி, தப்பா?"

"இல்ல அக்கா. தப்பே இல்ல."

நான் எல்லாவற்றுக்கும் படிக்காமலே 'ஆமாம்' அழுத்திப் பழகியவள். அந்தக் கணினி என்னுடையதாக இருந்திருந்தால், அந்த மடல்கள் எப்போதோ போயிருக்கும்.

கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தேன். ஆயிரக்கணக்கான வரிகள். ஒவ்வொரு மடலின் தலையையும் தேடி, 'அழிக்கப்பட்டது' என்று குறித்த எண்ணை 'படிக்கப்பட்டது' என்று மாற்றினேன். பழைய அட்டவணைக் கோப்பை நீக்கினேன். மென்பொருளைத் திறந்தபோது அலுவலக மடல்களுக்கு நடுவே அந்தக் குவைத் மடல்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பொருளுக்கான இடத்தில் ஒன்றிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒலிப்பதிவு இணைக்கப்பட்டிருந்தது. சில கெட்டுப்போயிருந்தன, திறக்கவில்லை. பெரும்பாலானவை நன்றாக இருந்தன.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்றைப் போட்டேன். தாலாட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது தாலாட்டில்லை.

"எங்க என் சின்னக்குட்டி? டீச்சருக்கு டாட்டா சொல்லியாச்சா? சரி, அம்மா கையப் புடிச்சுக்க. வீட்டுக்குப் போவோம். மெதுவா, மெதுவா, கல்லு இருக்கு. இந்தா தண்ணி கொட்டுற பீலி வந்துருச்சு. காலக் காட்டு, கழுவிவிடுறேன். ஐயோ, தண்ணி எப்புடி சில்லுன்னு இருக்கு! ஓடாத, ஓடாத. இது கொழுந்து மடுவம். கொழுந்து நிறுக்குறாங்க பாரு. ஒன்னையும் தூக்கித் தராசுல வைக்கச் சொல்லவா? வேணாமா? சரி வா. இப்ப படி. ஒரு கால வை. அடுத்த கால வை…"

அவ்வளவுதான். ஓர் அம்மா தன் குழந்தையைக் கையைப் பிடித்து, பிள்ளைக்காம்பராவிலிருந்து லயத்து வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போகிறார். குரல் போகப் போக மெதுவாகிறது. கடைசியில் வீட்டு வாசலுக்கு வந்து, "வந்துட்டோம்டா" என்கிறார். பின்னால் அந்த வீட்டுக் குளிரூட்டியின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

நானா டீ கோப்பையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் அது கேட்டதே இல்ல தங்கச்சி. படியிலயே தூங்கிரும்" என்றார்.

திங்கட்கிழமை நானா என்னையே தோட்டத்துக்கு அனுப்பினார். மடல்கள் இணையத்திலும் தங்கும்படி அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று அதை முடித்தேன். ஒலிப்பதிவுகளைத் தனியே ஒரு பென் டிரைவிலும், ஒரு குறுந்தட்டிலும் போட்டுக் கொடுத்தேன். அதற்குள் பகல் சாப்பாடு முடிந்து, பிள்ளைகளை வரிசையாகப் பாயில் படுக்க வைத்திருந்தார்கள்.

அந்தக் குழந்தை மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அழவில்லை. எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது அதன் முகம். டீச்சர் கணினியைப் பக்கத்தில் வைத்து ஒன்றைப் போட்டார்.

"எங்க என் சின்னக்குட்டி?" என்றது குரல்.

குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. ஆச்சரியப்படவுமில்லை. எழுந்து நின்று, பாயில் தூங்கும் பிள்ளைகளைத் தாண்டி வந்து, டீச்சருக்குக் கையை அசைத்தது. பிறகு தன் பாயில் படுத்து, வெறும் காற்றில் ஒரு கையை நீட்டிப் பிடித்துக்கொண்டது. பீலி வந்ததும் போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டது. மடுவத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. படிகள் தொடங்கியபோது நீட்டியிருந்த கை தளர்ந்து கீழே விழுந்தது. டீச்சர் சத்தத்தைக் குறைத்தார். நிறுத்தவில்லை. வாசல் வரைக்கும் ஓடவிட்டார்.

நான் கிளம்பும்போது அவர் கதவு வரை வந்தார். என் பைக்குள் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சத்துமாவில் பிடித்த உருண்டைகள்.

போன வருடம் வட்டவளை பஸ் நிறுத்தத்தில் டீச்சரைப் பார்த்தேன். அந்தத் தாய் குவைத்திலிருந்து வந்து நாலு வருடம் ஆகிறதாம். மறுபடி போகவில்லை. இங்கேயே கொழுந்து பறிக்கிறார். மகள் பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாக வாயாடுகிறாளாம். "அம்மாக்காரி பள்ளிக்கூட வாசல்ல நின்னா, 'நீ ஏன் வந்த, நானே வருவேன்ல'ன்னு கோவிச்சுக்கிறா" என்று டீச்சர் சிரித்தார்.

பதிவுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். குறுந்தட்டு எங்கேயோ அலமாரியில் கிடக்கும், யாரும் போட்டுக் கேட்பதில்லை என்றார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு எதையெதையோ மீட்டுக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் யாருக்கும் இனித் தேவைப்படாமல் போனவை அந்தப் பதிவுகள் மட்டும்தான், அதைவிட நல்ல செய்தி என் வேலையில் எனக்கு இன்னும் வரவில்லை.