என்ட பஸ்ஸை அல்லாஹ் திருப்பித் தந்த விதம்

என்ட சொந்தப் பஸ்ஸுல இருந்து என்னை நடு ரோட்டுல இறக்கிவிட்ட நாளை முதல்ல சொல்லிடுறேன், சகோதரங்களே. கம்பு ஊன்டிக்கொண்டு கஷ்டப்பட்டு ஏறினேன். "காசை எடுங்க, இல்லாட்டி இறங்குங்க" என்று சொன்னவர் வேற யாருமில்ல. என்ட தங்கச்சி ராஹிலாட மாப்பிள்ளை, மச்சான் சமீம். பஸ் நிறைய எங்கட ஊர், மடவளைச் சனம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தாங்க. இறங்கினேன். அண்டைக்கு எனக்குச் செத்துப்போகணும் போல இருந்தது.

நான் யாரெண்டு இப்ப உள்ள புள்ளைகளுக்குத் தெரியாது. அந்த நாள்ல ஹொக்கி மட்டையோட போகம்பறை மைதானத்துல இறங்கினா, வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரே எழும்பி நிண்டு பார்ப்பாங்க. கண்டி டவுன்ல ஒரு தேயிலைக் கம்பெனித் துரை என்னைக் கிளாக்கர் வேலைக்கு எடுத்தார். எழுதத் தெரியும் எண்டா எடுத்தார்? கோல் அடிக்கத் தெரியும் எண்டுதான். மெட்ச் வெண்டா என்ட கோட் பொக்கட்டுல ஒரு காசுக் கவர் விழும். டவுன் முதலாளிமாரும் சந்தோஷமாத் தருவாங்க. மத்தப் பொடியன்மார் அதை உடுப்புக்கும் சோக்குக்கும் கரைச்சாங்க. நான் கமுகந்தோட்டம் வாங்கினேன். பாக்கு வித்த காசையும் சேர்த்து பஸ் வாங்கினேன், மடவளைக்கும் கண்டிக்கும் ஓடுற பஸ். மீசை சரியா முளைக்க முன்னம் நான் முதலாளி!

ஆனா கம்பெனியில ஒரு சட்டம். கிளாக்கர்மார் வேற யாவாரம் செய்யக்கூடாது. அதனால தோட்டத்தையும் பஸ்ஸையும் மச்சான் பேர்ல எழுதினேன். "பேர்தான் என்ட, பொருள் உங்கட. பயப்படாதீங்க மச்சான்" என்றார். தங்கச்சியைக் குடுத்த இடத்தை நம்பாம வேற யாரை நம்புற?

பொறகு ஒரு மெட்ச்ல எதிராளிட மட்டை என்ட முழங்கால்ல விழுந்தது. எலும்பு நொறுங்கின சத்தம் எனக்கே கேட்டது. துரை ஓடி வந்தார். என்னைப் பார்க்க இல்ல, மிச்ச ஆள்கள் எங்கெங்க நிக்கணும் எண்டு சொல்ல. ரெண்டு பேர் என்னை இழுத்து கோட்டுக்கு வெளிய போட்டாங்க. ஆட்டம் நடந்தது. கால் மடங்காது எண்டு டொக்டர் சொன்ன கிழமையே வேலையும் போச்சு. போகட்டும், பஸ் இருக்கே எண்டு ஊருக்கு வந்தா மச்சான் என்னைப் பார்த்து "எந்தப் பஸ்?" என்று கேட்டார்.

ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு எல்லாரும் போன பொறகு பள்ளிவாசல்ல கதிரையில இருந்து அழுதேன். நெத்தியைத் தரையில வச்சு சுஜூது செய்யவும் கால் விடாது. "யா அல்லாஹ், நான் உழைச்சதை என்ட கைக்குத் தா. எப்படித் தாறது எண்டது உன்ட வேலை" என்று கேட்டேன். ஒவ்வொரு தொழுகை வக்துலயும் அதே துஆ. வேற எதுவும் கேக்கல்ல.

முப்பத்தி நாலாம் வருஷக் கடைசியில மலேரியாக் காய்ச்சல் வீடு வீடா நுழைஞ்சது. மச்சானையும் பிடிச்சது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணெல்லாம் மஞ்சள். "மச்சான், உங்கட பொருளை எடுத்துக்கொள்ளுங்க. கியாமத் நாள்ல அல்லாஹ்வுக்கு முன்னால என்னைப் பிடிக்காதீங்க" என்று அழுதார். மன்னிச்சேன் எண்டு சொன்னேன். எல்லாத்தையும் என்ட பேருக்கு எழுத நொத்தாரிசைக் கூட்டிக்கொண்டு வாறேன் எண்டும் சொன்னேன்.

ராஹிலா என்ட கையைப் பிடிச்சா. அண்ணன் என்னை அவ நானா எண்டுதான் கூப்பிடுவா. "நானா, பஸ் வாசல்ல நிக்கிது. முதல்ல இவரைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. எழுத்தைப் பொறகு பார்க்கலாம்."

பொறகு எண்டா எப்ப? ஆள் மௌத்தான பொறகா? ஒரு தரம் ஏமாந்தது போதாதா? அதே பஸ்ஸுல கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். கண்டிக்குப் போற அதே பாதைதான், இல்லை எண்டு சொல்லல்ல. நொத்தாரிசையும் சாட்சிக்காரரையும் ஏத்திக்கொண்டு திரும்பி வந்தேன். மச்சான்ட கையில பேனை நிக்கல்ல. மணிக்கட்டை நான் பிடிச்சேன், கையெழுத்தை அவர்தான் போட்டார். அதுக்குப் பொறகு அவரை பஸ்ஸுல ஏத்தினோம். ஆஸ்பத்திரி வாசல்ல உயிர் போயிட்டது. இன்னாலில்லாஹ்.

ராஹிலா கத்தல்ல. "நானா, நீங்க அல்லாஹ்கிட்ட என்ன கேட்டீங்க?" என்றா. உள்ளதைச் சொன்னேன். "தந்திட்டான் தானே" என்றா. அவ என்னோட கதைச்ச கடைசிக் கதை அது.

ஊர்ல சிலர் ஒரு மாதிரிக் கதைக்கிறாங்க. கதைக்கட்டும்! ஆயுசு அவன்ட கையில. நொத்தாரிசைக் கூட்டினா ஒருத்தர்ட ஆயுசு குறையுமா? இண்டைக்கு எனக்கு மூணு பஸ் ஓடுது, அல்ஹம்துலில்லாஹ். விளையாடின காலத்துல தொழாதவன், இப்ப ஒரு வக்து விடுறதில்ல. ராஹிலாவும் புள்ளைகளும் என்ட வீட்டுலதான். ஒரு குறையும் வைக்கல்ல.

கஷ்டத்துல உள்ளவங்க மனிசன்ட வாசலுக்குப் போகாதீங்க, அவனிடமே கேளுங்க. என்ட வீட்டுல ராஹிலாவும் தொழுது முடிச்சுக் கையேந்துறா. நான் எழும்பிப் போய், தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பார்த்தாலும் அந்தக் கை இறங்கியிருக்காது. என்ன கேக்கிறா எண்டு எனக்குத் தெரியாது. ஆனா சகோதரங்களே, விடாமக் கேட்டவங்களை அவன் வெறுங்கையோட அனுப்பினதில்ல.