நீலம் அடிக்காத ஆறாவது காப்பி

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் கடல் கிடையாது. மாட்டுப்பண்ணை உண்டு, காலையில் கம்பெனி பஸ்கள் உண்டு, தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட வரிசையாகக் கட்டிய வீடுகள் உண்டு. அந்த ஊரில் ஒருவர் கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீட்டைக் கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார் என்றால் சிரிப்புத்தானே வரும்? எனக்கும் வந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஐ.டி.ஐ.யில் டிராயிங் படித்துவிட்டு, மதுரைப் பக்கத்திலிருந்து ஓசூர் வந்து, ஒரு இன்ஜினியரிடம் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். எந்தப் பழைய வீட்டைப் பார்த்தாலும் இதை இடித்தால் எத்தனை போர்ஷன் வரும் என்றுதான் என் புத்தி போகும். அந்தத் திமிரோடுதான் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த வீட்டை அளக்கப் போனேன்.

வீட்டில் ரிட்டயரான டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ஓவர்சீயராக இருந்தவராம். கடற்கரையை ஒட்டியிருந்த பழைய பெரிய வீடுகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. இந்தப் பக்கம் மாற்றலாகி வந்ததும் அந்த வீடுகளின் ஞாபகத்தில் தானே பிளான் போட்டு இதைக் கட்டியிருக்கிறார். முன்னால் உயரமான தூண்கள். கிழக்கே ஆள் உயரத்துக்கு மூன்று ஜன்னல்கள், கடல்காற்று நுழைந்து பின்வாசல் வழியாக வெளியே போவதற்கு.

"காத்து எங்க வந்துச்சு? குளிர்தான் வந்துச்சு. மார்கழி பூரா எங்கம்மா அப்பாவைத் திட்டிக்கிட்டே ஜன்னலுக்குச் சாக்குக் கட்டுவாங்க" என்று டீச்சர் சிரித்தார்.

பிறகு முன்னறைக்குக் கூட்டிப்போனார். அதன் ஒரு சுவரில் மட்டும் வெள்ளையடிக்கவே இல்லை. கொத்தனாருக்குப் பேப்பரில் பிளான் பார்க்கத் தெரியாததால், முதலில் எழும்பிய அந்த அறையின் சுவரிலேயே மிச்ச வீட்டை முழுக்கப் பென்சிலால் வரைந்து காட்டியிருந்தார் அப்பா. அடி, அங்குலம் எல்லாம் அவர் கையெழுத்தில். கிழக்கு ஓரத்தில் அலை அலையாக இரண்டு கோடுகள் வேறு. கடலையும் சேர்த்தே பிளான் போட்டிருக்கிறார் மனிதர்! நான் வீட்டை அளந்து அந்தச் சுவரோடு ஒத்துப் பார்த்தேன். அரை அங்குலம்கூடப் பிசகவில்லை. என் திமிர் அங்கேதான் இறங்கியது.

வீடு டீச்சருக்கும் பெங்களூரில் இருந்த அவர் தம்பிக்கும் பொது. தம்பிக்கு அதை இடித்துவிட்டு வாடகை வீடுகள் கட்ட வேண்டும். டீச்சர் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: முன்னறை நிற்க வேண்டும், கடைசிவரை அவர் அதில் இருப்பார். அனுமதி மனுவில் கையெழுத்துப் போடும் முன்பு, "இந்த ரூம் நிக்கும்தானேம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் பெரிய மனுஷி மாதிரி விளக்கினேன். பிளானில் இடிப்பதற்கு மஞ்சள், புதிதாகக் கட்டுவதற்குச் சிவப்பு, அப்படியே இருப்பதற்கு நீலம்.

"நீலம் அடிச்சதுல ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க, டீச்சர்."

"நீ சொன்னா சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

பிளானை ஆறு பிரிண்ட் எடுத்தோம். பிரிண்டில் எல்லாம் வெறும் கோடுகள்தான். ஒவ்வொரு காப்பிக்கும் கையால்தான் கலர் அடிக்க வேண்டும். ஐந்து காப்பி அனுமதிக்குப் போவதால் அவற்றுக்கு அடித்தேன். ஆறாவது சைட்டுக்கு. சைட் காப்பிக்குக் கலர் அடிக்கிற வழக்கம் எங்கள் ஆபீஸில் இல்லை. ஆனாலும் இதற்கு அடிக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். நீலப் பென்சிலைக் கையில்கூட எடுத்துவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை, ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டும். முன்னறை நிற்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்தானே என்று பென்சிலைக் கீழே வைத்தேன். பத்து நிமிஷ வேலை.

அனுமதி வந்ததும், தூசு ஆகாது என்று டீச்சரைத் தம்பி பெங்களூருக்குக் கூட்டிப்போனார். இடிக்கிற மேஸ்திரியிடம் அந்த ஆறாவது காப்பியைக் கொடுத்து, இதில் இருக்கிறபடி செய் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் நான் போனபோது அங்கே வெளிச்சம் அதிகமாக இருந்தது. முன்னறை நின்ற இடத்தில் செங்கல் குவியல்.

"ஐயோ, இதை விடணும்னு பிளான்ல இருக்கே!" என்று கத்தினேன்.

மேஸ்திரி காப்பியை என்னிடமே விரித்துக் காட்டினார். "எங்க இருக்கு மேடம்? எல்லாம் ஒரே மாதிரிதான இருக்குது?"

அவர் சொன்னது சரி. நான் குவியலில் உட்கார்ந்து காரையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பென்சில் கோடுகூட அகப்படவில்லை. அழுதேன். தெலுங்கில் பேசிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

டீச்சர் வந்தார், பார்த்தார். காப்பியில் நான் கலர் அடிக்கவில்லை என்பதை நானே சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. "வெயில்ல நிக்காத, வா" என்று மட்டும் சொன்னார்.

வீடுகள் எழும்பின. மூன்றாவது போர்ஷனில் டீச்சர் குடிவந்தார். அதற்குக் கிழக்கே ஜன்னல் கிடையாது, பக்கத்துப் போர்ஷனின் சுவர்தான். அந்த பிளானையும் நான்தான் வரைந்திருந்தேன்.

மனசு கேட்காமல் என் அளவு நோட்டை எடுத்தேன். இடிந்துபோன அந்தப் பென்சில் சுவரின் நீளம் இருந்தது, உயரம் இருந்தது, பருமன் இருந்தது. அதில் இருந்த படத்தை நான் நகல் எடுக்கவே இல்லை. அதனால் வீட்டின் அளவுகளை வைத்து அந்தப் படத்தைத் திரும்ப வரைந்தேன். கிழக்கு ஓரத்தில் அலைகளும் போட்டேன், அவை என் அலைகள்தான். கடைசியில் முன்னறைக்கு நீலம் அடித்தேன். கோட்டைத் தாண்டாமல், திட்டுத் திட்டாகத் தெரியாமல், பொறுமையாக.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நீலத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"ரொம்ப அழகா அடிச்சிருக்கம்மா" என்றார். அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "அன்னைக்கே அடிச்சிருக்கலாமே."