பதினோராம் நிரை எந்தப் பக்கத்திலிருந்து?

நனைந்த படங்குச் சாக்கின் வாசம்... அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்து அதை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கதவோரம் போட்டால், தொழிலாளர் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா முழுக்க அந்த வாசம்தான். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே அம்மா வந்தாச்சு என்று தெரிந்துவிடும்.

அந்த வாசம் வராத ஒரு சாயங்காலம் இன்றைக்கு ஞாபகம் வந்தது.

ஐம்பதுகளின் கடைசி. அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டம். நான் டவுன் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். கேத்திரகணிதம் என்றால் எனக்கு உயிர். கோணம், செங்கோணம், விட்டம் என்று நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பேன். தேயிலை நிரைகளைப் பார்த்தால் சமாந்தரக் கோடுகள்தான் தெரியும்.

அன்றுதான் கணக்குச் சேர் ஆள்கூறு பாடம் தொடங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி குறிக்கச் சொன்னார். நான் அவசரத்தில் மேல் மூலையிலிருந்து எண்ணிக் குறித்துவிட்டேன். சேர் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"எண்ணினது சரி, பிள்ளை. தொடங்கினதுதான் பிழை. உற்பத்தி எங்கை இருக்கு?"

உற்பத்தி என்றால் எண்ணத் தொடங்கும் புள்ளி. வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது...

வீட்டுக்கு வந்தபோது மலை முழுக்க மூடுபனி. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு எல்லாப் பொம்பளைகளும் லயத்துக்கு வந்துவிட்டார்கள். அம்மா முன்னாலேயே போயிருப்பாள் என்று ஒவ்வொருத்தரும் நினைத்திருக்கிறார்கள்.

அம்மா வரவில்லை.

அந்த மலைக்கு ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் ஓடை. நிரைகள் முடிகிற இடத்தில், கீழே, செங்குத்தான பள்ளம்.

அப்பாவும், காலையில் ஆளுக்கொரு நிரை எண்ணிக் கொடுக்கும் கங்காணி மாமாவும் ரோட்டோரத்திலிருந்து நிரையை எண்ணிக்கொண்டு போனார்கள். நான் பின்னால்.

"பதினோராம் நெரையிலதான் விட்டேன்ப்பா. நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் மாமா.

பதினோராம் நிரை மேலிருந்து கீழ்வரை காலி. கூப்பிட்டால் காற்று குரலைத் தின்றது. அப்பா நிரையின் முடிவில் நின்று பள்ளத்தையே பார்த்தார்.

எனக்கு சேர் தாளைத் தூக்கிப் பிடித்தது கண்ணுக்குள் வந்தது.

"மாமா... காலையில எந்தப் பக்கமிருந்து எண்ணிக் குடுத்தீங்க?"

"இதென்ன கேள்வி? ஏறுற பக்கம்தானே மொத நெரை."

"சும்மா வா புள்ள. இது பள்ளிக்கூடமில்ல" என்றார் அப்பா.

"இன்னைக்கு ரோட்டுப் பக்கமாவா ஏறினீங்க?"

கங்காணி மாமா தலையில் ஒரு போடு போட்டுக்கொண்டார்.

"அட கடவுளே! காலையில பாதையில மண்ணு சரிஞ்சு கெடந்துச்சுன்னு ஓடைப் பக்கமால்ல ஏறினோம்! மத்தியானம்தானே மண்ண வெட்டி ஒதுக்குனாங்க!"

ஓடினோம். ஓடையிலிருந்து எண்ணினோம்.

மழைத்தண்ணி ஓடுவதற்காக வெட்டிய கானுக்குள், கால் மடங்கி, அம்மா உட்கார்ந்திருந்தாள். கூடை இன்னும் முதுகில்.

"வந்துட்டீங்களா... மொதல்ல கூடைய எடுங்க. கொழுந்து வாடுது."

அப்பா தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அழுத மாதிரியும் இருந்தது.

"பாருங்க கங்காணி, இவளுக்குக் கொழுந்துதான் கவல!"

"கத்திக் கத்தித் தொண்ட போச்சு. நீங்க என்னடான்னா அங்கிட்டே சுத்துறீங்க!"

அப்பா அம்மாவை முதுகில் சுமந்து வந்தார். கதவோரம் அந்த ஈரச் சாக்கு விழுந்தது. நான் மூச்சை இழுத்து இழுத்து விட்டேன்...

அதற்குப் பிறகு நிரை கொடுக்கும்போதெல்லாம் கங்காணி மாமா சத்தமாகச் சொல்வாராம்: "ஓடைப் பக்கமிருந்து எண்ணுறேன், எல்லாரும் கேட்டுக்கங்க! இல்லாட்டி வாத்தியாரம்மா வந்து கேள்வி கேப்பா!"

வாத்தியாரம்மா நான்தான்.

இப்போது என் மகள் மழையில் கார் ஓட்டி வரும்போது லொகேஷன் அனுப்புகிறாள். நீலப் புள்ளி ஒன்று ரோட்டில் ஊர்ந்து வருகிறது. எந்தப் பக்கமிருந்து எண்ணுவது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எவ்வளவு நிம்மதி!

புள்ளி வாசலில் வந்து நின்றுவிடும். ஆனாலும் கதவு திறந்து, அவளுடைய நனைந்த கோட்டின் வாசம் உள்ளே வரும்வரை... நான் புத்தகத்தில் ஒரே வரியைத்தான் படித்துக்கொண்டிருப்பேன்.