முள் குத்திக் காயவைத்தவள்

இந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அருப்புக்கோட்டையிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் ருக்குமணியின் மகன் திருச்சுழிக்கு வந்து என் வாசலில் நின்றான். "பெரியம்மா, அம்மா போயிட்டாக" என்றான். ஒரு வாரமாகப் படுக்கையில் கிடந்தாளாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நம் மாதர் சங்கத்தில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது என்று இனிக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அறுபதுகளில் சங்கம் தொடங்கியபோது, கொக்கி ஊசியால் லேஸ் பின்னியவர்கள் உங்களில் பலர். பின்னி முடித்ததை நனைத்து, பலகையில் இழுத்துக் குத்தி, வடிவாகக் காயவைத்தவள் அவள் ஒருத்திதான். நீங்கள் சுருட்டலும் கோணலுமாகக் கொடுப்பீர்கள். மறுநாள் வட்டம் வட்டமாகவும் சதுரம் சதுரமாகவும் திரும்பி வரும். கண்காட்சியில் பேர் வாங்கியது நீங்கள்.

நான் எதையும் அவளிடம் கொடுத்ததில்லை. கடையில் வாங்கிய லேசைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டவள் நான். ஒழுங்காகப் பின்னினால் இழுத்துக் குத்த வேண்டியதில்லை என்பது என் கட்சி. இன்றும் அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

அவளும் தொடக்கத்தில் தடுமாறியவள்தான். தறிக்காரர் வீட்டுப் பெண். தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியை அதே பதத்தில் லேசுக்கும் போட்டுவிட்டாள். காய்ந்ததும் விரலால் தட்டினால் சத்தம் வந்தது.

"ஏன்டி, இதைப் பொரிச்சுத் திங்கலாமா?" என்றேன்.

"உங்களுக்கு ரெண்டு எடுத்து வைக்கிறேன் அக்கா. பல்லு தாங்குச்சுன்னாத் தின்னுங்க."

என்னைத் தவிர எல்லாரும் சிரித்தீர்கள்.

பிறகு குண்டூசியால் வந்த தொல்லை. நம் உப்புத் தண்ணீருக்கு ஊசி துருப்பிடித்து, லேஸ் முழுக்கப் புள்ளி விழுந்தது. கருவேல முள்ளை ஒடித்து வந்து குத்தினாள். பச்சை முள்ளின் சாறு பட்டுப் பழுப்புக் கறை. முள்ளை வேகவைத்து, வெளுக்கும்வரை வெயிலில் போட்டு எடுத்தாள். அதன்பின் ஒரு கறையும் விழுந்ததில்லை. நனைப்பதற்கென்று மழைத் தண்ணீரைத் தனிப் பானையில் பிடித்து வைத்திருப்பாள். நான் ஒரு தடவை குடிக்கக் கேட்டேன். "குடிக்க உப்புத் தண்ணி போதும் அக்கா, இது லேசுக்கு" என்று பானையை மூடிவிட்டாள்.

இரண்டு வருஷம் உட்கார்ந்து நான் ஒரு மேஜை விரிப்பு பின்னினேன். ஒரு மூலை மட்டும் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றது. கண்காட்சியில் அதைக் கதவுக்குப் பின்னால் போட்டார்கள். யார் போட்டது என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

போன மாதம் ருக்குமணி முள் டப்பாவோடு பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்தாள்.

"அந்த விரிப்பைக் குடுங்க அக்கா. நாளைச் சாயங்காலம் தட்டையாக் கொண்டாந்து தாரேன்."

"என் பின்னலுக்கு முள்ளு வேண்டாம்."

"ஈரத்துல சொன்னாத்தான் நூலு கேக்கும். காஞ்சபெறகு அதுவும் உங்களை மாதிரிதான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காபிகூடக் கொடுக்கவில்லை. இருமிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள். உடம்புக்கு என்ன என்று நான் விசாரிக்கவில்லை.

அவளை எடுத்த மறுநாள், மகனிடம் கேட்டு வாங்கிவந்த அவள் முட்களோடு விரிப்பை நனைத்து உட்கார்ந்தேன். ஒரு மூலையை இழுத்துக் குத்தினால் எதிர்மூலை விலகியது. அதைச் சரிசெய்தால் நடுவில் இருந்த பூ குழிந்தது. முதலில் நடுவில் குத்துவாளா, ஓரத்திலா? சங்கத்தில் நான்கு பேரிடம் கேட்டேன். பின்னல் விஷயமாக நான் போய் ஒருவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. "குடுத்தோம், வாங்கினோம், யாரு பாத்தா?" என்றார்கள். மறுபடி நனைத்தேன். நம் ஊர் வெயில் யாருக்காகவும் பொறுப்பதில்லை. முள்ளும் கையுமாக நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே விரிப்பு காய்ந்துபோனது, முன்னைவிடக் கோணலாக.

டப்பாவை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது இந்த விரிப்புதான். மேஜையில் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் மூலையைப் பார்த்துவிட்டுக் கேட்டால், ருக்குமணி கைபடாதது என்று சொல்கிறேன்.