கொடிக்கம்பத்தருகே ஒரு நாற்காலி

ஊரே பார்த்திருக்க, ஒரு முதியவரைப் பொய்யர் ஆக்கி நாற்காலியிலிருந்து எழுந்து போக வைத்தவன் நான்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்தேன். சுதந்திர தினத்தன்று கொடிக்கம்பத்தருகே நாற்காலி போட்டு, சுற்றுவட்டாரத்து முன்னாள் ராணுவ வீரர் ஒருவருக்கு மாலை அணிவிப்பது எங்கள் வழக்கம். அந்த ஆண்டு ஆரம்பாக்கத்துத் தொழிலாளர்கள் தங்கள் ஊர்ப் பெரியவரை அழைத்து வந்தார்கள். முதல் உலகப் போரின்போது பஸ்ராவில் கோவேறு கழுதைகளில் தண்ணீர் ஏற்றிச் சென்றவர். வயது நூற்றுப் பதினொன்று என்றார்கள். அவர் கையைப் பிடித்து வந்த மகனே கோலூன்றித்தான் நடந்தார்.

மாலையை எடுத்தபோது மனக்கணக்குப் போட்டேன். போருக்குப் போகையில் ஐம்பதைத் தாண்டியிருப்பாரே, எந்தப் பட்டாளம் சேர்த்துக்கொள்ளும்?

"வயசு பொய்யா, போர் பொய்யா? ரெண்டும் உண்மையா இருக்க முடியாதே!" என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டுவிட்டேன்.

"எனக்கே எண்பத்திமூணு ஆவுது சார்" என்றார் மகன்.

"அப்ப உங்களுக்கும் ஒரு மாலை சொல்லிடலாமா?"

கூட்டம் சிரித்தது. மகன் தந்தையின் தோளைத் தொட்டார். "வா நைனா, ஊட்டுக்குப் போலாம்."

மறுவாரம் கேன்டீனில் ஆரம்பாக்கத்து ஃபிட்டர் ஒருவர் சொன்னார்: "மீசைக்கு மை பூசிக்கினு, முப்பத்தெட்டுன்னு சொல்லிப் பட்டாளத்துல சேந்தவரு சார். ஊட்ல சோத்துக்கு வழியில்ல. எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்க. நீங்கதான் கேக்கல."

அன்றே போயிருக்க வேண்டும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன். அடுத்த சுதந்திர தினத்துக்கு அழைக்கப் போனபோது, மகன் இறந்துவிட்டிருந்தார். பெரியவருக்குக் காது மந்தம். தெருவே கேட்கும்படி கத்தித்தான் மன்னிப்புக் கேட்டேன்.

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாம் சார். அன்னிலேர்ந்து அவன் டீக்கடைப் பக்கமே போவல" என்றார். ஆனாலும் விழாவுக்கு வந்தார்.

மாலை போட்டுவிட்டு, "ஐயா, வயசு எவ்வளவுன்னு சொல்லட்டும்?" என்று காதருகே கேட்டேன்.

"உனக்கு இன்னா தோணுதோ அதச் சொல்லு சார்." குரலில் கோபமே இல்லை.

நூற்றுப் பன்னிரண்டு என்று உரக்க அறிவித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும், போன வருடம் மகன் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இப்போது எண்பத்தெட்டு. யார் வயது கேட்டாலும் நான் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்; ஒவ்வொரு முறையும் அது என்னை உறுத்துகிறது.