உரிந்து விழுந்த செங்கல்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, விட்பியில், ஒரு தமிழ் அன்ரி வாங்கியிருந்த ஆங்கிலேயர் காலப் பண்ணை வீட்டில் செங்கல் சுவரைத் திருத்தப் போனேன். யன்னல் வளைவுகளில் சுண்ணாம்புச் சாந்து விரல் பட்டாலே உதிர்ந்தது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, சீமெந்தை இறுக்கி அடைத்தேன்.

பனி கரைந்ததும் அன்ரி கூப்பிட்டார். சீமெந்து அசையவில்லை, செங்கற்கள்தான் பாளம் பாளமாக உரிந்து விழுந்திருந்தன. அத்தனை காலமும் சுவரின் ஈரம் அந்தச் சுண்ணாம்பு வழியாக வெளியேறியிருக்கிறது. நான் அடைத்ததும், அது பனிக்காலத்தில் கல்லுக்குள்ளேயே உறைந்து கல்லை வெடிக்க வைத்துவிட்டது.

பிழை என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அன்ரி, “கல்லு பழசு தம்பி, உம்மிலை ஒரு பிழையும் இல்லை. தேத்தண்ணியைக் குடியும்,” என்றார்.

“ஓம் அன்ரி, பழங்கல்லுத்தான்,” என்றேன்.

அன்று வேலைக் களைப்பு, பேசத் தெம்பில்லை என்று இன்றுவரை எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வெளியேற வழியில்லாத ஈரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அடுத்த பனிக்காலமும் வந்துவிட்டது.